மரம் கம்பனிக்கு, கூடு கடவுளுக்கு

வீட்டுக்குப் பின்னால் ஒரு தேனீப் பெட்டி வைக்க என்னென்ன சட்டம் இருக்கிறது? மலையகத்துப் பூண்டுலோயாவில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால், சட்டம் தெரிந்த எவரும் தேனீயைப் பற்றிப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். "தம்பி, வீடுன்னு சொன்னீங்களே, அது யார் பேர்ல இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் இருநூறு வருடக் கதையைச் சொல்லியாக வேண்டும். தேனீ அவ்வளவு காலம் பொறுக்காது. ராணியைக் கூட்டிக்கொண்டு வேறு மரம் பார்க்கப் போய்விடும்.

மற்ற நாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். நியூயோர்க் மாநகரில் தேனீ வளர்ப்பது குற்றமாக இருந்தது. வீட்டில் காட்டு மிருகம் வைத்திருக்கக்கூடாது என்ற சுகாதார விதியிலேயே தேனீயையும் சேர்த்திருந்தார்கள். மொட்டை மாடிகளில் களவாகத் தேன் எடுத்தவர்கள் போராடி, 2010 மார்ச்சில் அந்தத் தடையை நீக்க வைத்தார்கள். இப்போது சுகாதாரத் திணைக்களத்தில் பதிந்தால் போதும். ஜெர்மனிக்காரர்கள் இன்னும் நுணுக்கமானவர்கள். 1900 இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சிவில் கோவையில் பறந்துபோன தேனீக்கூட்டத்துக்கென்றே நான்கு பிரிவுகள் உண்டு. தன் தேனீயைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவன் அடுத்தவன் காணிக்குள்ளும் நுழையலாம் என்று அதில் ஒரு பிரிவு சொல்கிறது. கொழுந்து பறிக்கிற பெண்ணின் மகன் துரை பங்களாப் பக்கம் ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனால் என்ன நடக்கும் என்பதை எழுத அந்தக் கோவையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரிந்த ஒன்ராறியோவையும் பார்த்துவிடுவோம். அந்த மாகாணத்தின் தேனீச் சட்டம், 1990 தொகுப்பில் உள்ளபடி, பக்கத்தில் குடியிருப்பு இருந்தால் காணி எல்லையிலிருந்து முப்பது மீற்றருக்குள் பெட்டி வைக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம்தான். அயலவருடைய குழந்தையைப் பற்றி யோசித்து எழுதியிருக்கிறார்கள். இதை அப்படியே தூக்கிவந்து பூண்டுலோயாவில் வைத்துப் பார்த்தால்தான் நம்முடைய கதி விளங்கும்.

பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய அரசின் உதவியில் 404 வீடுகள் கட்டி, மகாத்மா காந்திபுரம் என்று பெயர் வைத்து, 2018 செப்டெம்பரில் கையளித்தார்கள். ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி. மலையகத்தில் இது சொர்க்கம். நான் பரிகாசம் செய்யவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய குடும்பத்துக்கு, தனிச்சுவரும் தனிக்கதவும் என்னவென்று அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். ஆனால் ஏழு பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீற்றர். சதுரமாகவே அளந்து கொடுத்தாலும் ஒரு பக்கம் பதின்மூன்று மீற்றர் சொச்சம். நட்டநடுவில், அதாவது சாப்பாட்டு மேசையின் மேல் பெட்டியை வைத்தாலும் எல்லைக்கு ஏழு மீற்றர் தூரம்கூட வராது. நான்கு பக்கமும் முப்பது மீற்றர் விட வேண்டுமென்றால் 142 பேர்ச்சஸ் வேண்டும். இருபது குடும்பங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த நிலத்தில் ஒரு தேனீக்கூட்டம் கனடாச் சட்டப்படி வாழலாம் என்பது கணக்கு. கனடாவில் தேனீயாகப் பிறந்திருக்கலாம்.

இது பின்வளவு கிடைத்தவர்களின் கதை. கிடைக்காதவர்கள்தான் அதிகம். லயத்துக்கு முன்னால் இஸ்தோப்பு, பின்னால் கான், கானுக்கு அப்பால் தேயிலை. வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில் அவன் வைக்காத ஒரே சாமான் பின்வளவு. கானோரம் நாலு கோவா, ரெண்டு பாத்தி லீக்ஸ் நட்டிருப்பார்கள். அதுவும் சின்னத்துரையின் கண் கடிக்காதவரை. நிலம் யாருடையது? 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் என்று அரசு தோட்டங்களை எடுத்தது. வேலை செய்தவனுக்கு ஒரு முழ மண் வரவில்லை. 1992 இல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் முகாமையைக் கொடுத்து, குத்தகை ஐம்பத்துமூன்று வருடம் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் 2045 வரை நிலம் அரசுடையது, அனுபவம் கம்பனியுடையது, முதுகுவலி நம்முடையது.

ஆகவே தேனீப் பெட்டி வைக்க ஆசைப்படும் நம்முடைய இளைஞன் யாரிடம் அனுமதி கேட்பான்? பிரதேச சபைக்குப் போகலாம். ஆனால் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், அதன் 33 ஆம் பிரிவின் புண்ணியத்தில், தோட்டத்து மக்களின் வாக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் ஒரு தெருவிளக்குப் போடவும் தயங்கிய சட்டம். அதைத் திருத்த 2018 வரை முப்பத்தொரு வருடம் பிடித்தது. விளக்குக்கே அவ்வளவு என்றால் தேனீக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கந்தோருக்குப் போனால் கிளாக்கர் ஐயா தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிவரச் சொல்வார். தலைவர் சங்கத்தின் ஜில்லாக் கந்தோரில் பேச வேண்டும் என்பார். ஜில்லாவில் சந்தா எந்தச் சங்கத்துக்குப் போகிறது என்று கேட்பார்கள். கடைசியில் பெரியதுரை ஒரே வார்த்தையில் முடிப்பார்: "இன்னைக்குப் பொட்டி, நாளைக்குக் கொட்டகை, அப்புறம் வீடு."

துரை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கொட்டகை என்றதும் 2023 ஆகஸ்ட் ஞாபகம் வருகிறது. மாத்தளை ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பம் ஒண்டிக்கொள்ளப் போட்ட தற்காலிகக் குடிலைத் தோட்டத்து உதவி முகாமையாளர் அடித்து நொறுக்கியதை நாடே கைத்தொலைபேசியில் பார்த்தது. பாராளுமன்றத்தில் கூச்சல், அமைச்சர்மார் தோட்டத்துக்கு ஓட்டம், கமராக்களுக்கு முன்னால் கோபம். பிறகு எல்லாரும் வேறு வேலை பார்க்கப் போனார்கள். தகரமும் பலகையும் போட்ட நாலு சுவரையே அனுமதியில்லாத கட்டடம் என்று உடைக்கிற ஊரில், நாலு காலும் ஒரு மூடியும் உள்ள தேனீப் பெட்டி மட்டும் எந்த வகுப்பில் வரும்?

பண்டாரவளைப் பக்கம் பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. வீட்டுத்தோட்டத்தில் தேனீ வையுங்கள், குடும்ப வருமானம் கூடும், மரக்கறி நன்றாகக் காய்க்கும் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல பிள்ளைகள் போலப் பெட்டியில் அடங்குகிற நாட்டுத் தேனீ. பெட்டியின் கால்களை எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்க வேண்டும், வாசலைக் காற்றடிக்காத திசைக்குத் திருப்ப வேண்டும். எல்லாம் சரி. வீட்டுத்தோட்டம் என்ற சொல்லில் வீடும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது. எங்களிடமும் இரண்டும் இருக்கின்றன. வீடு தோட்டத்துடையது. தோட்டம் கம்பனியுடையது.

இனி அண்ணாந்து பாருங்கள்.

லயத்துக்கு மேல் மலையில் நிற்கும் சவுக்கிலும் டர்பன்டைன் மரத்திலும் கொம்புக்குக் கொம்பு தொங்குவது என்ன? தோட்டத்தில் குளவி என்போம். கருங்குளவியும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கூட்டமாக வந்து கொட்டுவது மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. ஒற்றை அடை. முழுதாக வளர்ந்தால் ஒரு மீற்றருக்கும் மேல் அகலம் வரும். பல்லாயிரம் தேனீக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு, பருந்து கிட்ட வந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அலையடித்துக் காட்டும். பெட்டிக்குள் அடங்காத சாதி. பதிவில்லை. எல்லைத் தூரம் இல்லை. துரையின் கடிதம் இல்லை. ஜில்லா சிபாரிசு இல்லை. தோட்டத்திலேயே கூரை உயரம் கேட்காமல், வாடகை கொடுக்காமல், சந்தா வெட்டுப்படாமல் வாழும் ஒரே சமூகம் இதுதான்.

அது தொங்கும் மரங்கள் வந்த கதையையும் கேளுங்கள். இங்கே டன்சினன் என்ற பெயரை ஸ்கொட்லாந்துத் துரைமார் ஊர் ஞாபகத்தில் வைத்தார்கள். ஷேக்ஸ்பியரின் மக்பெத் மன்னனுக்கு அந்தப் பெயருள்ள மலைக்குக் காடு நடந்து வந்தால்தான் அழிவு என்று ஆரூடம் சொல்லப்பட்டது. நம்முடைய டன்சினனுக்குக் காடு நடந்துவர வேண்டியதில்லை. துரைமாரே யூக்கலிப்டஸ் காட்டைக் கொண்டுவந்து நட்டார்கள். தேயிலை பூப்பதற்குள் கொழுந்தைக் கிள்ளிவிடுகிறோம், அதில் தேனீக்கு ஒன்றும் கிடைக்காது. பசியாறப் பூவும் கூடு தொங்க உயரமான கொம்பும் கொடுப்பது அந்தப் பெருமரங்கள்தான். விறகுக்கும் பலகைக்கும் கம்பனிக்கு வேண்டிய மரங்கள். வெட்டி விற்றால் நல்ல காசு. ஆச்சி ஒருத்தி அடுப்புக்கு ஒரு காய்ந்த கொப்பை முறித்துக் கட்டினால் காவற்காரன் விசில் ஊதுவான், கந்தோரில் விசாரணை, முற்றினால் பூண்டுலோயா பொலிஸ். மரத்தின் வேருக்கு உரிமையாளர் உண்டு, பட்டைக்கு உண்டு, இலைக்கு உண்டு, காய்ந்த சுள்ளிக்கும் உண்டு. அந்த மரத்தில் தொங்கும் கூட்டுக்கு மட்டும் யாரும் இல்லை! அது இயற்கை. அது கடவுள் விட்ட வழி.

இந்தச் சாமர்த்தியத்தைக் கம்பனிச் சட்டத்தரணிகள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். கி.பி. 533 இல் ரோமப் பேரரசன் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூலிலேயே இருக்கிறது. தேனீ இயல்பிலேயே காட்டு உயிர். உன் மரத்தில் வந்து உட்கார்ந்தாலும், நீ அதைப் பெட்டியில் அடைக்கும்வரை அது உன்னுடையதல்ல. உன் மரத்தில் கூடு கட்டிய பறவை எப்படி உன்னுடையதல்லவோ அப்படி. ஆனால், தேனெடுக்க எவனாவது உன் காணிக்குள் நுழைந்தால் அவனைத் தடுக்க உனக்கு உரிமை உண்டு. ஒல்லாந்தர் இந்த ரோம மரபைத் தங்கள் சட்டத்தோடு குழைத்து இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். ஆங்கிலேயர் வந்து அதைக் கலைக்கவில்லை. உரோம-டச்சுச் சட்டம் என்று இன்றைக்கும் கொழும்பில் படிப்பிக்கிறார்கள். பதினைந்து நூற்றாண்டு, இரண்டு கண்டம், மூன்று ஏகாதிபத்தியம் தாண்டி அந்தச் சட்டம் பூண்டுலோயா மலைக்கு ஏறிவந்து சொல்வது இதுதான்: உள்ளே வராதே என்று விரட்ட வேண்டியபோது காணிக்கு முதலாளி உண்டு. கொட்டிவிட்டது என்று வந்து நின்றால் தேனீக்கு முதலாளி இல்லை. ஜஸ்டினியன் தேயிலை குடித்ததில்லை. குடித்திருந்தால் பங்கு வாங்கியிருப்பான்.

கொட்டு என்றால் என்னவென்று பத்திரிகையில் வாசித்தவர்களுக்குத் தெரியாது. "குளவி கொட்டியதில் பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி" என்று நாலு வரி வரும். நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, பூண்டுலோயா என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த செய்தியும் தயார். மலையில் நடப்பது வேறு. இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, கண் கொழுந்தில். அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், முழுசாக விழ இத்தனை கிலோ என்று கங்காணி காலையிலேயே சொல்லிவிட்டார். மேலே பார்க்க நேரமில்லை. ஒரு பருந்து கூட்டில் அடிக்கும், அல்லது காற்றில் ஒரு கொப்பு முறியும். முதலில் ஒருத்தி கழுத்தில் அறைந்துகொள்வாள். அந்த ஒரு கொடுக்கு தோலில் முறிந்து நிற்கும்போது பழுத்த வாழைப்பழ வாசனை ஒன்று எழும்பும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் ஆட்களைக் கூட்டும் பெரட்டு மணி. பிறகு வானம் கறுக்கும்.

ஓட வேண்டும். எங்கே ஓடுவது? இடுப்பளவு தேயிலை, பின்னிப் பிணைந்த வாது. இரண்டடிக்கு ஒரு கல், பத்தடிக்கு ஒரு கான். சரிவு. தெருவில் ஓடுகிற மாதிரி தேயிலைக்குள் எவராலும் ஓட முடியாது. இளசுகள் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாயும். ஐம்பது தாண்டிய அக்கா படங்கைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செடிக்கடியில் குந்துவாள், அல்லது கானில் விழுவாள். விழுந்தவள் மேல்தான் எல்லாம் இறங்கும். தலைமயிருக்குள், காதுக்குள், உதட்டில். தூக்கப்போகிறவனுக்கும் அதே கொட்டு. பிறகு கொழுந்து லொறியில் ஏற்றி, வளைவு வளைவாக இறக்கி, பூண்டுலோயா வைத்தியசாலைக்கு. அங்கிருந்து நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ. உடம்பு விஷத்தை ஏற்காமல் மூச்சுக்குழல் வீங்கத் தொடங்கினால் ஓர் அட்ரினலின் ஊசி நிமிடக் கணக்கில் போட்டாக வேண்டும். லொறிக்கு நிமிடக் கணக்குத் தெரியாது. தாதி இடுக்கியால் கொடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போடும்போது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளின் வாயிலிருந்து வருகிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அம்மாவுக்கு இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவர்களுக்கு வெட்கம் இருக்கிறதா?

சட்டம் இருக்கிறது. இல்லாமலா? 1942 இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைக்குள் சுழலும் இயந்திரத்துக்கு வேலி போடு, படிக்குக் கைப்பிடி வை என்றெல்லாம் அது சொல்லும். தொழிற்சாலைச் சுவரைத் தாண்டி மலையில் ஏறினால் அந்தச் சட்டத்துக்கு மூச்சு வாங்கும். மலை தொழிற்சாலை இல்லையாம். அங்கிருந்து கொழுந்து வராவிட்டால் தொழிற்சாலை என்ற ஒன்றே இல்லை என்பது வேறு விஷயம். 1934 இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு. நம்முடைய பெண் அந்த மரத்தடிக்குச் சுற்றுலா போகவில்லை என்பதை அவள்தான் படிவத்தில் நிரூபிக்க வேண்டும். பெரட்டுப் புத்தகத்தில் இன்ன நம்பர் மலை என்று எழுதி அனுப்பியவர், அந்த மலையில் கூடு இருப்பது தெரிந்தே அனுப்பினாரா என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

தெரியாமல் அனுப்பினார்கள் என்று சொல்லவே முடியாது. மலைத்தேனீ வருடத்தில் ஒரு பருவம் இடம்பெயர்ந்து போய், பூக்காலத்தில் திரும்பி அதே மரத்துக்கே வரும் பழக்கம் உள்ளது. எந்தச் சவுக்கில் எந்த மாதம் கூடு தொங்கும் என்று தோட்டத்துப் பிள்ளை மடுவத்து ஆயம்மாவுக்கும் தெரியும். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தால் அதே கொப்பு காத்திருக்கும் என்ற பாக்கியத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து எங்களை நாடில்லாதவர்கள் ஆக்கினார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறிப் போன குடும்பங்களுக்குத் திரும்பிவர எந்தக் கொப்பும் இல்லை. குளவிக்குப் பாஸ்போட் கேட்காத நாடு இது. பம்பராவுக்கு 1948 இல் நடந்த ஒரு வாக்கெடுப்பும் தெரியாது.

என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் ஒன்றும் இரகசியமில்லை. கொழுந்துக்கு ஆள் அனுப்ப முன்னால் ஒருத்தன் போய் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். கூடுள்ள மரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டி அந்த மலையை விலக்கி வைக்கலாம். லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மேலே தொங்குகிற கூட்டைப் பழகியவர்களை வைத்து இரவில் அகற்றலாம். முகத்துக்கு ஒரு வலைத்தொப்பி கொடுக்கலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் அட்ரினலினும், அதைப் போடத் தெரிந்த ஆளும், ஓடுகிற ஒரு வாகனமும் வைத்திருக்கலாம். இதில் எதற்கும் ஜெனீவாவில் மாநாடு தேவையில்லை. ஆனால் காசு தேவை. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தபோது கம்பனிகள் எவ்வளவு வேகமாக நீதிமன்றப் படி ஏறின என்று பார்த்தோம். செப்டெம்பரில் அது 1,350 ஆக இறங்கி வந்தது. அந்த வேகத்தில் பாதி வேகமாக ஒரு லொறி ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்.

கூட்டை அகற்றச் சொன்னால் இன்னொரு பதில் வருகிறது. அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்: சுற்றாடல்! தேனீ இல்லாவிட்டால் மகரந்தச் சேர்க்கை இல்லை, உலகம் அழிந்துவிடும். உண்மை. தேனீ வாழட்டும். நான் அதற்குப் பெட்டி வைக்கத்தானே அனுமதி கேட்கிறேன்? மலைச்சரிவெல்லாம் களைகொல்லி அடித்துப் பூண்டு புல்லைக் கருக்குகிறபோது இந்த மகரந்தப் பாசம் எங்கே மேயப் போயிருந்தது? ஏற்றுமதித் தேயிலைப் பொதியைத் திருப்பிப் பாருங்கள். சுற்றாடலைக் காக்கும் தோட்டத்துத் தேயிலை என்று ஒரு பச்சைத் தவளை முத்திரை பல பொதிகளில் இருக்கும். தவளைக்கு முத்திரை உண்டு. பறவைக்கு உண்டு. காட்டுக்கு உண்டு. கானில் விழுந்து கிடந்த அக்காவுக்கு எந்த மிருகத்தின் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று லண்டனில் தேநீர் குடிக்கிறவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடலாம்.

இந்த நாட்டுக்குக் குளவியிடமிருந்து மனிதரைக் காப்பாற்றத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிகிரியாவுக்குப் போய்ப் பாருங்கள். சிங்கப் பாதத்துக்குப் பக்கத்தில், பாறையில் பம்பரா கலைந்தால் சுற்றுலாப் பயணிகள் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளக் கம்பிவலைக் கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள், குளவி கலையும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதே பம்பரா, அதே அரசு, அதே கொடுக்கு. டிக்கெட் எடுத்து ஒருநாள் வருகிற உடம்புக்குக் கூண்டு. ஐந்து தலைமுறையாக வேலைக்கு வருகிற உடம்புக்குப் படங்கு. நம்முடைய பெண்களும் காலையில் பெரட்டுக்களத்தில் டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு மலையேறினால் ஒருவேளை தொல்பொருள் திணைக்களம் கண்ணெடுத்துப் பார்க்கும். லயங்களின் வயதுக்கு அந்தத் திணைக்களத்துக்கு எங்கள் மேல் ஏற்கெனவே அதிகாரம் இருக்க வேண்டும்.

அரசியல்வாதிகளை விட்டுவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். அவர்கள் மரணவீட்டுக்குத் தவறாமல் வருவார்கள். மாலை வரும், பெட்டிச் செலவுக்கு ஒரு உறை வரும், முகநூலுக்குப் படம் போகும். "இதற்கு நிரந்தரத் தீர்வு காணப்படும்" என்பார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் மேலே சவுக்கில் ஒரு கூடு கூடியிருக்கும்.

ஆகையால் அவர்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நானே ஒரு வர்த்தமானி வரைவு எழுதியிருக்கிறேன். யாராவது கையெழுத்து வைத்தால் போதும். பூண்டுலோயாவில் பின்வளவில் தேனீ வளர்க்க விரும்புகிறவர் முதலில் ஒரு பின்வளவை வளர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டித் தேனீக்குத் தோட்ட முகாமையாளர், தலைவர், ஜில்லா, கிராம சேவகர், சுகாதாரப் பரிசோதகர், கூடவே அயல் லயத்து எல்லா மாமியார்களின் சம்மதக் கடிதமும் இணைக்கப்பட வேண்டும். மரத்தில் தொங்கும் தேனீக்கு மேற்படி ஒன்றும் தேவையில்லை; அது ஏற்றுமதிக் கைத்தொழிலின் நண்பனாகக் கருதப்படும். பெட்டித் தேனீ ஒரு பிள்ளையைக் கொட்டினால் பெட்டிக்காரன் லயத்தை விட்டு வெளியேற்றப்படுவான். மரத்துத் தேனீ பத்துப் பேரைக் கொட்டினால், பத்துப் பேரும் மரத்துக்குத் தொந்தரவு கொடுத்தார்களா என்று கந்தோரில் விசாரிக்கப்படும். தேன் கிடைத்தால் நிலச் சொந்தக்காரனுக்கு, மெழுகு கிடைத்தால் குத்தகைக்காரனுக்கு, வீக்கம் கிடைத்தால் கிடைத்தவருக்கு. நட்டஈடு கோருகிறவர் தன்னைக் கொட்டிய தேனீயின் பெயர், நிரந்தர முகவரி, அது கம்பனிச் சேவையில் இருந்ததா இல்லையா என்ற விபரம், இறந்த தேனீயின் உடல் ஆகியவற்றை மூன்று நாளைக்குள் கந்தோரில் ஒப்படைக்க வேண்டும். விண்ணப்பம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நிரப்பப்பட வேண்டும். தமிழ்ப் படிவம் அச்சில் இருக்கிறது.